விளக்கும் நாணயமும்

ஒரு பொருளைப் பார்ப்பதற்குக் கண் இருந்தால் போதும் என்றுதான் வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெளிச்சம் என்றால் வெளிச்சந்தானே, அதிலே நியாயம் அநியாயம் என்று என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஏழு வெள்ளி ரூபாய்களை எடுத்துக்கொண்டு ஒரு நண்பர் வீட்டுக்குப் போன மாலையில்தான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

ரூபாய்கள் என் பெரியப்பாவினுடையவை. அவர் காலமான பிறகு, பாத்திரம் பண்டங்களைப் பங்கு பிரித்தபோது, ஒரு மஞ்சள் துணி முடிச்சு என் பங்குக்கு வந்தது. விக்டோரியா மகாராணி தலை போட்டவை இரண்டு. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை ஐந்து. ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. அந்தக் காலத்து ரூபாய்க்குச் சொல்லே அதுதான். முடிச்சை அவிழ்த்தபோது ஏழும் நேற்று அடித்த காசுபோல் பளிச்சென்று இருந்தன. விற்கும் எண்ணம் எனக்கு இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

நண்பர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாகக் காசு சேர்க்கிறார். காசு சேர்க்கிறார் என்றதும் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய காசைச் சேர்ப்பதற்காகப் புதுக் காசை இழந்துகொண்டிருப்பவர். ரூபாய்களை அவர் மேஜையில் பரப்பினேன். மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா மின்னுதே சார். நூறு வருஷத்துக் காசுன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்துபோய் டியூப் லைட்டை அணைத்தார்.

அறை இருண்டது. பிறகு மேஜை விளக்கைப் போட்டார். அதில் பழைய எழுபத்தைந்து வாட் குண்டு பல்பு. எங்கே பார்த்தாலும் எல்.ஈ.டி. வந்துவிட்ட இந்த நாளில், அவர் மட்டும் குண்டு பல்புகளை ஓர் அட்டைப்பெட்டி நிறைய வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். கீழே கறுப்பு வெல்வெட்டுத் துணி. 1918-ஆம் வருஷத்து ரூபாய் ஒன்றை விளிம்பிலே மட்டும் விரல் படும்படி பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். என்னைக் கிட்டே வரச்சொன்னார்.

நான் பார்த்தேன். மன்னரின் கன்னத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. காசு இன்னும் ஓர் அணுவளவு சாய்ந்தது. சட்டென்று அந்த இடம் முழுவதும் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், நூற்றுக்கணக்கில், ஒரே திசையில் வளைந்து வளைந்து. மறுபடி சாய்த்தார்; அத்தனையும் மறைந்துவிட்டன.

"யாரோ தேய்ச்சிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லே, பல வருஷம்" என்றார்.

யார் தேய்த்தது என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த விளக்கு எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டியூப் லைட்டின் ஒளி நீளமான குழல் முழுவதிலிருந்தும் புறப்படுகிறது. சுண்ணாம்புச் சுவரில் பட்டும் கூரையில் பட்டும் திரும்பி, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து காசின்மேல் விழுகிறது. அதில் நிழல் இல்லை. கீறல் என்பது என்ன? உலோகத்தில் விழுந்த ஒரு சின்னப் பள்ளம். அதை நமக்குக் காட்டிக்கொடுப்பது அதன் நிழலும் அதன் ஓரத்தில் தெறிக்கும் ஒளியுந்தான். நிழலை இல்லாமல் செய்துவிட்டால் பள்ளமும் இல்லாததாகிவிடும். ஆகவே டியூப் லைட்டின் அடியில் எல்லாக் காசும் நல்ல காசு. ஒரே இடத்திலிருந்து, சற்று மேலேயிருந்து, ஒரு பக்கமாக வரும் ஒளிக்குத்தான் காசு தன் வயிற்றில் உள்ளதைச் சொல்கிறது. அதனால்தான் தரம் பார்ப்பவர்கள் அறையை இருட்டாக்கிக்கொண்டு, ஒற்றை விளக்கை வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த விளக்கு குறையை மட்டும் காட்டுவதற்கென்று ஏற்பட்டதல்ல. நண்பர் தம்முடைய பெட்டியிலிருந்து வேறொரு ரூபாயை எடுத்தார். பார்த்தால் அழுக்கு மாதிரி லேசாகக் கறுத்திருந்தது. என்னுடையதன் பக்கத்தில் வைத்தால் ஏழை உறவுக்காரன்போல் இருக்கும். அதை விளக்கின்கீழ் திருப்பியபோது, அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து இரண்டு ஒளிப் பட்டைகள் எழுந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் வட்டமிட்டுச் சுழன்றன. அச்சு இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறதாம்; வழிந்த தடம் கண்ணுக்குத் தெரியாத வரிகளாக நிற்கிறதாம். அந்த வரிகள்தாம் ஒளியைச் சுழற்றுகின்றன. புழக்கத்தில் போன காசில் உயர்ந்து நிற்கும் இடங்கள் முதலில் தேய்ந்து, அங்கே சக்கரம் அறுந்துவிடும். தேய்த்துத் துலக்கிய காசில் வரிகளே போய்விட்டதால் சக்கரமே சுழலாது. என்னுடைய ஏழிலும் சுழலவில்லை. அவை கண்ணாடித் துண்டுபோல் வெறுமே மின்னின.

அழுக்காகத் தெரிந்ததில் உயிர் இருந்தது. பளிச்சென்று தெரிந்ததில் அது போய்விட்டிருந்தது. டியூப் லைட் இரண்டையும் பற்றி எனக்குத் தவறாகவே சொல்லியிருந்தது.

"அப்படியானால் விளக்கு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது, இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுவும் தப்பு" என்றார். ஹாலஜன்போல் உக்கிரமான விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால், தூசி விழுந்த இடமெல்லாம் வெட்டுக்காயமாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் அப்படியே. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் போதும். இருபது மடங்கு பெரிதாக்கினால் உலகத்தில் குற்றமில்லாத காசு ஒன்றுகூட மிஞ்சாது. வெள்ளியில் ஏறிய நிறம் இயற்கையானதா, யாராவது மருந்து போட்டு ஏற்றியதா என்று பார்க்க ஜன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது. ஆனால் அது மணிக்கு மணி மாறும். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் தம்முடைய விதியைச் சொன்னார்:

"விளக்கு ஒரே இடத்துலே நிக்கணும். காசுதான் திரும்பணும். வாங்கற காசுக்கு ஒரு விளக்கு, விக்கற காசுக்கு ஒரு விளக்குன்னு வெச்சுக்கிட்டா, நாம பாக்கறது காசை இல்லே, நம்ம ஆசையைத்தான்."

காசுக்குத் தரம் போடுவது இன்று பெரிய தொழில். அமெரிக்காவில் 1986-லும் 1987-லும் ஏற்பட்ட இரண்டு பெரிய நிறுவனங்கள், காசைப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிக் கொடுக்கின்றன. எழுபது என்றால் குறையே இல்லாதது. அறுபது முதல் எழுபது வரை, புழக்கத்துக்கே போகாத காசுகள். அறுபத்தைந்துக்கும் அறுபத்தாறுக்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் ஒரு வீட்டு விலை. அந்த வித்தியாசம், விளக்கின்கீழ் ஒரு கணம் தோன்றி மறையும் இரண்டு கீறல்களாக இருக்கலாம்.

இந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல், தம் நாட்டின் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஏற்படுத்திய அளவுகோல் அது. அடிமட்டத்தில் இருக்கும் காசுக்கு ஒன்று. அதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் உத்தமக் காசுக்கு எழுபது. காசின் தரத்தை ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பியவர் அவர்.

ஷெல்டன் தொழிலால் உளவியல் நிபுணர். மனிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. உடம்பைப் பருமன், தசைக்கட்டு, ஒல்லி என்று மூன்று கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போட்டு, அந்த மூன்று எண்களைக் கொண்டு ஒருவனுடைய சுபாவத்தையே சொல்லிவிடலாம் என்றார். இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களை நிர்வாணமாக நிறுத்தி, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்தார்கள். உடம்பிலிருந்து சுபாவத்தைக் கணிக்கும் அந்தக் கொள்கையை இன்று விஞ்ஞானம் ஒப்புக்கொள்வதில்லை. படங்களில் பலவற்றைப் பிற்காலத்தில் அழித்துவிட்டார்கள்.

அவர் 1977-இல் இறந்தார். அதன் பிறகு இன்னொரு விஷயம் வெளிவந்தது. நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பைப் பார்வையிடப் போன இடத்தில், உயர்ந்த சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் அதே வகையைச் சேர்ந்த தரம் குறைந்த சென்ட்டுகளை வைத்துவிட்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். சங்கம் வழக்குப் போடும் அளவுக்கு விஷயம் போயிற்று. எழுபது வரை எண்ணக் கற்றுக்கொடுத்தவர், எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று பிறரைவிட நன்றாகத் தெரிந்தவர் என்பதால்தான் அவரால் அப்படி மாற்றி வைக்க முடிந்தது.

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பையில் இருப்பதும் அதுதான், மனிதனிடத்தில் இருக்க வேண்டியதும் அதுதான். சங்க காலத்தில் காசின் தரம் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று புலவர் ஒருவருக்கே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசைப் பார்த்த கண்ணாலேயே மனித மனத்தையும் பார்த்து அவர்கள் பாட்டுக் கட்டினார்களா என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ஷெல்டன் கதையைப் படித்தபோது ஆசையோடு பயமும் சேர்ந்துகொண்டது. ஏனென்றால் நானும் மனிதர்களைப் பார்த்துத் தரம் சொல்லிப் பிழைக்கிறவன்.

இனிமேல் பெரியப்பாவின் கதையைத் தள்ளிப்போட முடியாது.

கல்லூரிப் படிப்பை இடையிலேயே விட்டவன் நான். விடும்படி நேர்ந்தது. அப்பா கையில் பணம் இல்லை. பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "இல்லேடா" என்றார். அவரிடம் இருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

பத்து வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் சிறுகதை எழுதினேன். கதாநாயகர் ஒரு கருமி. பால்காரனிடம் அரை ஆழாக்குக்குக் கணக்குக் கேட்பார். விருந்தாளி வந்தால் விளக்கை அணைப்பார். வியாழக்கிழமை சாயங்காலமானால் உள்ளறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெள்ளி ரூபாய்களை விபூதி போட்டுத் தேய்தேயென்று தேய்ப்பார். தேய்த்தால் ரூபாய் குட்டி போடும் என்று நம்பினார் என ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். பத்திரிகை ஆசிரியர் பாராட்டிக் கடிதம் போட்டார். எங்கள் ஊரில் பெயர் சொல்லாமலே ஆளைத் தெரிந்துகொண்டார்கள். பையன்கள் பெரியப்பாவைப் பார்த்து, "தாத்தா, குட்டி போட்டுதா?" என்று கேட்டார்கள்.

ஒரு கல்யாணத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை. "பொய் எழுதினேன்னு சொல்ல மாட்டேன். நீ எழுதினதெல்லாம் நான் பண்ணினதுதான். ஆனா, இவ்வளவுதானாடா நான்?" என்று கேட்டார்.

"அது கதை பெரியப்பா. உங்களைப் பத்தி இல்லே" என்றேன்.

கதையில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பதிலில் இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியது இதுதான். அந்த ரூபாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் முதலில் பெரியம்மா. வெள்ளிக்கிழமை பூஜையில் லக்ஷ்மி படத்துக்கு முன்னால் வைப்பதற்காக, வியாழன் மாலையில் கூடத்தில் உட்கார்ந்து தேய்ப்பாள். சிறுபிள்ளையில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவள் போன பிறகு பெரியப்பா தேய்க்க ஆரம்பித்தார். கதவைத் தாழிட்டுக்கொண்டது அப்புறந்தான். இது எனக்குப் பிற்காலத்தில் தெரியவந்த ரகசியம் அல்ல. கதை எழுதும்போதே தெரியும். முதல் பிரதியில் இரண்டு வரி எழுதியும் இருந்தேன். கருமியின் குணச்சித்திரம் கலைகிறது என்று அடித்துவிட்டேன்.

பெரியப்பா கருமிதான். அதை மறைக்க நான் இப்போது முயலவில்லை. பெரியம்மாவை நினைத்துக்கொண்டு காசு தேய்த்தார் என்பதனால், ஒரு பையனின் படிப்புக்கு இல்லை என்று சொன்னது சரியாகிவிடாது. கீறல் மெய்யானது. 'எல்லாம் பார்க்கிறவன் பார்வையில் இருக்கிறது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்கள் டியூப் லைட்டை ஏற்றுகிறவர்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள். அநியாயத்துக்கு ஆளானவன் சொல்வது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும்.

என்னுடைய தவறு கீறலைக் காட்டியது அல்ல. கீறல் தெரிகிற கோணம் வந்ததும் காசைத் திருப்புவதை நிறுத்தினேன். அங்கேயே பிடித்து, ஊருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். நண்பர் அன்றைக்குக் கீறலைக் காட்டிய பிறகும் கையை நிறுத்தவில்லை; திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் கையிலிருந்த விளக்கில் கோபம் இல்லை. என் விளக்குக்கு எண்ணெயே அந்தத் திண்ணையில் கேட்ட "இல்லேடா"தான்.

நாம் பொதுவாகச் செய்வதைப் பாருங்கள். வேண்டியவன் வந்தால் கூடத்து விளக்கு. வேண்டாதவன் வந்தால் ஒற்றை விளக்கு. நம்மை நாமே பார்த்துக்கொள்ளும்போது மெழுகுவத்தி போதும் என்று விட்டுவிடுகிறோம். மனிதனை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். காசுக்காரர்கள் செய்வதற்கு இது நேர் தலைகீழ்.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. காசை நம் விரலால் திருப்பலாம். மனிதனைத் திருப்ப முடியாது. அவன் எப்போது எந்தப் பக்கம் திரும்புவான் என்று காத்திருக்க வேண்டும். சிலர் ஆயுள் முழுவதும் ஒரே பக்கத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டும். வாத்தியார் மார்க்குப் போட வேண்டும். பெண்ணைக் கொடுக்கிறவர் முடிவு பண்ண வேண்டும். அவர்களுக்கு அவகாசம் கிடையாது. அவர்களும் தரம் சொல்வது அந்த மனிதன் செய்த ஒரு காரியத்துக்கோ எழுதிய ஒரு தாளுக்கோதான். எழுத்தாளனுக்கு அப்படி என்ன அவசரம்? அந்த வாரத்து இதழுக்குக் கதை வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு அவசரம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அன்று மாலை நண்பர் ஏழு ரூபாய்களையும் பார்த்து முடித்துவிட்டு, "வெள்ளிக்கு உண்டான விலை எப்பவும் உண்டு சார். சேகரிக்கறவங்க இதுக்கு மேலே தரமாட்டாங்க" என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். பிறகு, "தேய்ச்சது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "காசுக்கு என்ன தரமோ அதைத்தான் சொன்னேன். மத்ததுக்கெல்லாம் என்கிட்டே விளக்கு இல்லே" என்றார். ரூபாய்களை அவரே மஞ்சள் துணியில் வைத்து முடிந்து கொடுத்தார்.

போன மாதம் என் பழைய கதைகளைத் தொகுப்பாகப் போட வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். அந்தக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு, அடித்துவிட்ட இரண்டு வரிகளையும் மறுபடி சேர்த்துப் பார்த்தேன். கதை நிற்கவில்லை. அந்த வரிகளைத் தாண்டியதும் குட்டி போட்ட வரிக்கு யாராலும் சிரிக்க முடியாது. வரிகளை எடுத்துவிட்டுப் படித்தேன். நன்றாக நின்றது, நல்ல கதை என்றுகூடத் தோன்றியது. இரண்டு இரவு இப்படியே போயிற்று. கடைசியில் அந்தக் கதையை விட்டுவிட்டு மற்றவற்றை அனுப்பினேன். அனுப்பியதில் இன்னும் எத்தனை கதைகள் இப்படி எதையோ விட்டதன்மேல் நின்றுகொண்டிருக்கின்றன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.